ஏ.எஸ்.வி. என்று தேடினால் குடல் கிருமி வருகிறது: பப்மெட் வகுப்பு பற்றி ஒரு நூலகர்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் முதுகலை படிக்கும் பாலக்காட்டுப் பெண் ஒருவர் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குள் ஓடி வந்தார். "சேச்சி, கட்டுவிரியன் கேஸ் ஒண்ணு வந்திருக்கு. ஏ.எஸ்.வி. லேட்டா போட்டா பலன் உண்டான்னு பேப்பர் வேணும். சாயங்காலம் சார் கேட்பார்" என்றார். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்தை நம் ஆஸ்பத்திரிகளில் யாரும் முழுப் பெயரில் சொல்வதில்லை, ஏ.எஸ்.வி.தான். நானும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டைத் திறந்து அந்த மூன்று எழுத்தை அடித்தேன். வந்து விழுந்ததில் பெரும்பாலும் குடலில் வாழும் பாக்டீரியா. நடுநடுவே தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் இதய நோயாளிக்கு மாட்டும் கருவி. பாம்பைக் காணோம்.

பதினாறு வருஷமாக நான் மருத்துவ நூலகர். அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தன் செல்போனை எடுத்து கூகுளில் தேட ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தைத்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தேடியபோதுதான் இந்த வகுப்பு கண்ணில் பட்டது. அமெரிக்காவின் நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின், பப்மெட்டை நடத்துகிறதே, மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டாவில் இருக்கிற அதே நூலகம்தான். அதன் கிளை வலையமைப்புக்கு என்.என்.எல்.எம். என்று பெயர். நூலகர்களுக்கும் மருத்துவத் தகவல் வேலை பார்ப்பவர்களுக்கும் அவர்கள் இணையவழியில் தொடர்கல்வி வகுப்பு நடத்துகிறார்கள். காசு கிடையாது. ஒரு கணக்கு தொடங்கிப் பதிவு செய்தால் போதும். 'ஹவ் பப்மெட் ஒர்க்ஸ்' என்ற வரிசையில் நான் உட்கார்ந்தேன். அறிமுகம், மெஷ் (கட்டுரைகளுக்குப் போடும் பொதுத் தலைப்புகளின் பட்டியல்), ஆட்டோமேட்டிக் டெர்ம் மேப்பிங் (நாம் அடிக்கும் சொல்லை அந்தத் தலைப்போடு பப்மெட் தானாகப் பொருத்துவது), செலக்‌ஷன் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் கழன்றுகொள்வார்கள். அவர்களுக்கு மதியம் ஒரு மணி என்றால் நமக்கு ராத்திரி பத்தரை. என் வீடு கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் நான் படித்ததும் தமிழ். வேலை எல்லை தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம். காலையில் வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்துப் போய், ஏழரைக்குத் திரும்பி, சமைத்து, மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, எல்லாரும் படுத்த பிறகு சமையல்கட்டு மேஜையில் லேப்டாப்பை விரிக்கிறேன். முதல் வகுப்பில் ஆங்கிலத்தில் நான் வணக்கம் சொன்னதைக் கேட்டு அத்தை எழுந்து வந்துவிட்டார். "ஏன் அம்மிணி, இந்நேரத்துக்கு யாருகூடப் பேசிட்டிருக்கறே?" வகுப்பு என்றேன். "உனக்கா, வகுப்பா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்னொன்று, எல்லை ஊருக்கே உரிய தொல்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் செல்போனுக்கு ஒரு நேரம் கேரள டவர் கிடைக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவர். மாறும்போது இணைப்பு அறுந்து, ஆசிரியரின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்துவிடும். இரண்டாம் வகுப்பிலிருந்து வாசல் திண்ணையில் கொசுவர்த்தி ஏற்றிவைத்து உட்கார்ந்தேன். சிக்னல் அங்கே நிலையாக இருந்தது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். நான் எதிர்பார்த்தது 'இந்தப் பொத்தானை அழுத்து, அந்த வடிகட்டியைத் தட்டு' என்கிற மாதிரி. அதெல்லாம் இவர்கள் அதிகம் செய்யவில்லை. நீ ஒரு சொல்லை அடிக்கிறாய், பப்மெட் அதை என்னவாகப் புரிந்துகொள்கிறது? வரிசை முழுக்க இந்த ஒரு கேள்விதான். மேம்பட்ட தேடல் பக்கத்தில் நாம் தேடிய வரலாறு இருக்கும், அதில் ஒவ்வொரு தேடலுக்கும் எதிரே 'டீட்டெய்ல்ஸ்' என்ற தலைப்பின்கீழ் ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தட்டினால் நம் சொல்லை பப்மெட் எப்படி மாற்றி எழுதிக்கொண்டது என்று வரிவரியாகக் காட்டும். இத்தனை வருஷத்தில் அந்த அம்புக்குறியை நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. எனக்குத் தெரிந்த நூலகர்கள் நாலைந்து பேரிடம் கேட்டேன், அவர்களும் தட்டியதில்லை.

பாம்புக்கடி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்தால் பப்மெட் அதை 'ஸ்நேக் பைட்ஸ்' என்ற மெஷ் தலைப்போடு சேர்த்துக்கொள்கிறது, கூடவே சாதாரணச் சொல்லாகவும் தேடுகிறது. ஏ.எஸ்.வி. என்று அடித்தால் அதற்குப் பாம்பு ஞாபகமே வருவதில்லை. ஏனென்றால் உலகத்தில் இன்னும் பல பேர் அந்த எழுத்துகளை வேறு எதற்கோ வைத்திருக்கிறார்கள். நுண்ணுயிர் ஆராய்ச்சியில் ஆம்ப்ளிகான் சீக்வென்ஸ் வேரியன்ட், மூச்சுக்கருவிக்காரர்களிடம் அடாப்டிவ் சர்வோ வென்டிலேஷன். விஷமுறிவு மருந்துக்கு மெஷ் வைத்திருக்கிற பெயர் 'ஆன்டிவெனின்ஸ்'. நம் ஆட்கள் எழுதும் கட்டுரையில் ஆன்டி ஸ்நேக் வெனம் என்று இருக்கும், வெளிநாட்டுக்காரர் எழுதினால் ஆன்டிவெனம். மூன்றையும் பிடிக்க ஒரு தலைப்பு வேண்டும், அதுதான் இது.

மெஷ் என்றால் என்ன என்று பட்டப்படிப்பில் படித்ததுதான். 1960-இல் வந்தது, முப்பதாயிரத்துக்கும் மேல் தலைப்புகள், வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள் என்று பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது எதற்கு என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் ஒரே பாம்புக்கு மூன்று பெயர். தோட்டத்தில் வேலை செய்யும் தமிழர் கட்டுவிரியன் என்பார். பக்கத்து வீட்டு நாயர் வெள்ளிக்கெட்டன் என்பார். சங்குவரையன் என்றும் சொல்வார்கள். தமிழில் கண்ணாடிவிரியன் என்றால் அவர்களுக்கு அணலி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் சொந்தக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும் உள்ளே இருக்கிற டாக்டர் ஒரே பாம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பெதஸ்டாவில் உட்கார்ந்து அவர்கள் செய்வதும் இதேதான். எழுதியவர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

அதற்கு மேலே ஒரு மர அமைப்பு. கட்டுவிரியன் இனத்துக்கு 'பங்காரஸ்' என்று தலைப்பு, அதற்கு மேலே நாகம் எல்லாம் சேர்ந்த 'எலாப்பிடே' குடும்பம். மேல் தலைப்பில் தேடினால் கீழே உள்ள பிள்ளைகள் எல்லாம் தானாகவே வந்துவிடும், வேண்டாம் என்றால் நாம் சொல்லி நிறுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொண்டதும் மறுநாள் கல்லூரியில் பங்காரஸ், ஆன்டிவெனின்ஸ் என்ற இரண்டு தலைப்பையும், இரண்டுக்கும் ஈடான சாதாரணச் சொற்களையும் சேர்த்து ஒரு தேடல் எழுதினேன். முழுக்கப் பாம்பு! கடித்த இடத்தில் வலி அதிகம் இல்லாததால் தூக்கத்தில் கடிபட்டது தெரியாமல் காலையில் வயிற்றுவலி என்று வருபவர்கள், இமை தொங்கிப் போனவர்கள், நாட்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்தவர்கள் என்று வரிசையாக வந்தது. நரம்பு முனை பாதிக்கப்பட்ட பிறகு மருந்து ஏற்றினால் அந்தப் பக்கவாதம் உடனே திரும்புவதில்லை, மூச்சைத் தாங்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டியதுதான் என்பது அந்தக் கட்டுரைச் சுருக்கங்களைப் படிக்கப் படிக்க எனக்கே விளங்கியது. அந்தப் பெண்ணின் கேஸ் அதற்குள் முடிந்துவிட்டது. இருந்தாலும் அனுப்பிவைத்தேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

இரட்டை மேற்கோள்குறி பற்றிச் சொன்னதும் எனக்குப் புதிது. இரண்டு சொல்லை மேற்கோளுக்குள் போட்டால் தேடல் கறாராகும் என்று நினைத்து மாணவர்களுக்கு அதைத்தான் இத்தனை நாள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். போட்டதும் பப்மெட் தன் மொழிபெயர்ப்பு வேலையை நிறுத்திவிடுகிறது, மெஷ் தலைப்போடு சேர்ப்பதில்லை. நட்சத்திரக்குறி போட்டாலும் அப்படியே. எத்தனை பேருடைய ஆய்வேடு என் பேச்சைக் கேட்டுக் கட்டுரைகளைக் கோட்டை விட்டதோ.

நான்காவது பகுதி, செலக்‌ஷன். பெயரைப் பார்த்து விட்டுவிடலாம் என்றிருந்தேன். நம் ஊர்க் கல்லூரியில் வேலை பார்ப்பவருக்கு அதுதான் முக்கியம் என்று இப்போது சொல்வேன். பப்மெட்டில் இருப்பதெல்லாம் மெட்லைனில் இருப்பது அல்ல. மெட்லைன் என்பது இதழைத் தேர்ந்தெடுத்து, மெஷ் தலைப்புப் போட்டு வைக்கிற பகுதி. பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக்கட்டுரைக் கிடங்கு வழியாக மட்டும் உள்ளே வருகிற இதழ்களும் இருக்கின்றன, அவற்றுக்கு மெஷ் தலைப்பு கிடையாது. இந்திய இதழ்கள் நிறைய இந்த வழியாகத்தான் வருகின்றன. ஆக, மெஷ் தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் நம் ஊர்ப் பாம்புக்கடிக் கட்டுரைகளே நழுவிப் போகும்! தலைப்பையும் சாதாரணச் சொல்லையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. பதவி உயர்வுக்காகக் கட்டுரை போடும் பேராசிரியர்கள் "பப்மெட்ல இருக்குமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, மெட்லைனும் அதுவும் ஒன்று என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். இப்போது நான் அவர்களை உட்காரவைத்து இரண்டு நிமிஷம் பேசுகிறேன். சிலருக்குப் பிடிக்கவில்லை.

மெஷ் தலைப்புப் போடும் வேலையை 2022-லிருந்து கணினியிடம் விட்டுவிட்டார்கள், ஆள் சரிபார்ப்பது அதற்குப் பின்னால்தான் என்பதும் அங்கே தெரிந்துகொண்டதே. தலைப்பை அப்படியே நம்பிவிடாதே என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் நூலகக் கிடங்கில் இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற மருத்துவக் கட்டுரைப் பட்டியலின் அச்சுத் தொகுதிகள் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் ஆரம்பித்தது, 2004-ஓடு அச்சு நின்றது. நான் சேர்ந்த புதிதில் ஓய்வு பெறவிருந்த மூத்த நூலகர் அந்தத் தொகுதியைக் கையில் எடுத்து, தலைப்பைப் பிடித்து, ஒரு நோட்டில் எழுதி எழுதிக் கட்டுரை தேடிக் காட்டுவார். அவருக்கு மெஷ் மனப்பாடம். தேடல் பெட்டி வந்ததும் நாங்கள் அதையெல்லாம் மறந்து வாய்க்கு வந்ததை அடிக்கப் பழகிவிட்டோம்.

குறை என்று பார்த்தால், பேச்சு வேகம். அமெரிக்க ஆங்கிலம் காதுக்குப் பழக ஒரு வகுப்பு ஆனது. உதாரணங்கள் அந்த ஊருக்கானவை, அது அவர்கள் தப்பு இல்லை, அந்த ஊர் நூலகர்களுக்காக நடத்துகிற வகுப்பு. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் எல்லாம் நாமே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சந்தேகத்தைத் தட்டச்சு செய்து கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார்கள், நான் கேட்ட சொல்லையே போட்டுத் திரையில் தேடியும் காட்டினார்கள். பொது மக்களுக்கு உடல்நலத் தகவல் சொல்வது பற்றி இன்னொரு வகுப்பிலும் உட்கார்ந்தேன். அங்கே பொது நூலகத்துக்கு வந்து சர்க்கரை நோய் பற்றிக் கேட்கிறார்களாம். இங்கே கேள்வியெல்லாம் மருந்துக்கடைக்காரரிடமும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு ஜன்னலிலும்தான். கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவே.

ஒரு விஷயத்தில் ஏமாந்தேன், என் தப்பு. நவம்பரில் ஒரு வகுப்பு. வழக்கம்போல் பத்தரைக்கே கொசுவர்த்தி, காபியோடு உட்கார்ந்துவிட்டேன். திரையில் யாரும் இல்லை. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் என்பது ஞாபகமே இல்லை. அதற்கப்புறம் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அவர்களுடைய மதியம் ஒரு மணி நமக்குப் பதினொன்றரை. அன்றைக்குப் படுக்கும்போது மணி ஒன்று.

இதை எதோடு ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். இதற்கு முன்னால் ஒரு இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். என் கையிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பை கொடுத்தார்கள், பேனா கொடுத்தார்கள், மதியம் சாப்பாடு உண்மையிலேயே பிரமாதம், இளநீர்ப் பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். குத்துவிளக்கு ஏற்றி வரவேற்புரை முடியவே பதினொன்றரை ஆகிவிட்டது. பேச வந்தவர் காட்டிய படங்களில் பப்மெட்டின் பழைய முகம், 2020-இல் மாற்றிவிட்டார்களே அதற்கு முந்தையது. பின்வரிசையில் யாரோ அதைச் சொன்னதும் "பேசிக்ஸ் மாறாது" என்றார். ஒருவர் கையிலும் கணினி இல்லை. சான்றிதழ் மட்டும் தடித்த அட்டையில், சட்டம் போட்டு மாட்டுகிற தரத்தில் இருந்தது.

சான்றிதழ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என்.என்.எல்.எம். வகுப்பு முடிந்து கருத்துப் படிவம் நிரப்பினால் மெடிக்கல் லைப்ரரி அசோசியேஷனின் தொடர்கல்விப் புள்ளி கிடைக்கும். 1898-இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பு அது, அங்கே தொழில்முறைத் தகுதியைப் புதுப்பிக்க அந்தப் புள்ளி செல்லும். இங்கே? எங்கள் அலுவலகத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். "முத்திரை இல்லையே மேடம்" என்றார்கள். வருடாந்தர மதிப்பீட்டுப் படிவத்தில் 'தேசிய' என்றும் 'சர்வதேச' என்றும் இரண்டு கட்டம் இருந்தது. சர்வதேசத்தில் டிக் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சம்பளமும் ஏறவில்லை.

கற்ற பிறகு வரும் எரிச்சலையும் சொல்லியாக வேண்டும். தேடத் தெரிகிறது, கண்டுபிடிக்கிறேன், ஆனால் கட்டுரையைத் திறக்க முடிவதில்லை. ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். ஆனால் தொடங்கியிருப்பது அரசு நிறுவனங்களுக்கு. எங்களுடையது தனியார் கல்லூரி. அரசுக் கல்லூரியில் படிக்கிற பையன் சும்மா திறக்கிற பக்கம் எங்கள் மாணவர்களுக்குப் பணம் கேட்கிறது. ஆகவே என் தேடலில் கடைசியாக 'இலவச முழுக்கட்டுரை' வடிகட்டியைப் போட வேண்டியிருக்கிறது. போட்டதும் பாதி காணாமல் போகிறது. முதலில் வடிகட்டாமல் பார், என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள், அப்புறம் வடிகட்டு என்று மாணவர்களிடம் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. கூகுளில் தேடியே காலம் ஓட்டுகிறவர்கள் அறிமுக வகுப்பிலிருந்து தொடங்குங்கள். பப்மெட் தினமும் புழங்குகிறவர்கள் அறிமுகத்தை விட்டுவிட்டு நேராக ஆட்டோமேட்டிக் டெர்ம் மேப்பிங்குக்குப் போகலாம். உங்கள் துறையில் யாரோ கேட்டு நீங்கள் தேடித் தோற்ற ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள், வெறுங்கையோடு போனால் தூக்கம்தான் வரும். பதிவுகளில் 'ஈஸ்டர்ன் டைம்' என்றுதான் நேரம் போட்டிருப்பார்கள். கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை அவ்வளவு பயன்படாது. உங்களுக்கு நோய்களை வகைப்படுத்தும் ஐ.சி.டி.-11 குறியீடுதான் தலைவலி என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் இலவசப் பாடங்களைப் பாருங்கள்.

போன வாரம் அதே பெண் மறுபடி வந்தார். இந்தத் தடவை முழமூக்கன். மலைப்பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கடிக்கிற சின்னக் குழிவிரியன், அறிவியல் பெயர் ஹிப்னேல், நம் விஷமுறிவு மருந்து அதற்குக் கேட்காது. "ஹிப்னேல்னு அடிச்சேன் சேச்சி, அப்புறம் அந்த அம்புக்குறியைத் தட்டிப் பார்த்தேன்" என்று தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். ஒரு சொல் விட்டுப் போயிருந்தது, சேர்த்துக் கொடுத்தேன்.